வேலூரிலிருந்து சைக்கிள் பந்தயத்துக்கு: சாலையிலும் டிராக்கிலும் புதிதாக வருபவர்களுக்கு

சத்துவாச்சாரிப் பக்கம் போய், பளுதூக்கும் போட்டிக்குத் தயாராக எங்கே சேரலாம் என்று கேட்டுப் பாருங்கள். பெட்டிக்கடைக்காரரே வழி சொல்லிவிடுவார். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அது. யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை வயதில் தொடங்க வேண்டும், பின்னால் என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அங்கே பலருக்கும் தெரியும். சைக்கிள் பந்தயத்துக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் அப்படி ஒரு தடம் இன்னும் விழவில்லை. ஆர்வமும் கால் பலமும் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்து என்ன என்று சொல்ல ஆள் இல்லாமல் பத்தாம் வகுப்போடு விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் வரிசை முக்கியம். சாலையில் உடம்பைக் கட்ட வேண்டும், கூட்டத்தோடு ஓட்டப் பழக வேண்டும், உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட வேண்டும், அப்புறம்தான் டிராக். விலை உயர்ந்த சைக்கிள் வாங்குவது இந்த வரிசையில் ரொம்பப் பின்னால் வரும். நம் ஊரில் பெரும்பாலும் அதுதான் முதலில் நடக்கிறது.

இது என்ன தொழில்?

சாலைப் பந்தயம் என்றால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி நீண்ட தூரம் ஓடுவது, ஒவ்வொருவராகக் கிளம்பி கடிகாரத்தோடு போட்டி போடும் டைம் டிரையல், ஊருக்குள் சின்னச் சுற்றில் திரும்பத் திரும்ப ஓடும் கிரிட்டீரியம் ஆகியவை. டிராக் பந்தயம் வெலோட்ரோம் என்ற கிண்ணம் மாதிரியான அரங்கில் நடக்கும். சர்வதேச அளவு 250 மீட்டர் சுற்று. வளைவில் தரை 40 டிகிரிக்கும் மேல் சாய்ந்து நிற்கும். அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். குறுந்தூரம் முழு வேகத்தில் பாயும் ஸ்பிரிண்ட், மோட்டார் வண்டியின் பின்னால் சுற்றிவிட்டுக் கடைசியில் பாயும் கெய்ரின், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒருவரையொருவர் துரத்தும் பர்சூட், ஒரே நாளில் நான்கு பந்தயம் ஓடும் ஆம்னியம், இருவர் மாறி மாறி ஓடும் மேடிசன் எல்லாம் அங்கேதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் உலகில் நிறையப் பேர். ஜெரெய்ன்ட் தாமஸ் 2008, 2012 ஒலிம்பிக்கில் டிராக் குழு பர்சூட்டில் தங்கம் வென்றவர். அதே ஆள் 2018-ல் மூன்று வாரச் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸையும் வென்றார். இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 2022 அக்டோபரில் டிராக்கில் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓடிச் சாதனை படைத்தார். அவரும் சாலை டைம் டிரையலில் உலக சாம்பியன் ஆனவர். பர்சூட்டில் நான்கு நிமிடம் உச்சத்தில் தாக்குப்பிடிக்கிற உடம்பு, சாலையில் கட்டிய மூச்சின் மேல்தான் நிற்கிறது. பெரிய டிராக் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

இந்தியாவின் பெரிய வெற்றிகள் சமீப காலத்தில் டிராக் ஸ்பிரிண்ட் பிரிவில்தான் வந்திருக்கின்றன. அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பன் 2018 ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரினில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஜூனியர் குழு ஸ்பிரிண்ட்டில் இந்திய அணிக்குத் தங்கமே கிடைத்தது. அந்த அணியில் இருந்த மணிப்பூரின் ரொனால்டோ சிங் 2022-ல் டெல்லியில் நடந்த ஆசிய டிராக் சாம்பியன்ஷிப்பில் பெரியவர்கள் பிரிவில் ஸ்பிரிண்ட் வெள்ளி எடுத்தார். அந்தமானிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வர முடிகிறதென்றால் அணைக்கட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வர முடியும்.

சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்: இந்தியாவில் சைக்கிள் வீரர் என்றால் பெரும்பாலும் ரயில்வே, ராணுவம் போன்ற துறைகளில் வேலையோடு ஓடுபவர். ஐரோப்பிய அணி ஒப்பந்தம் என்பது மிக மிகச் சிலருக்கே எட்டுவது.

படி 1: இருக்கிற சைக்கிளில் தொடங்குங்கள்

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் போதும். அண்ணன் ஓட்டிய பழைய வண்டியும் போதும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. வயதைப் பொறுத்து 10 முதல் 20 கி.மீ. வரை. சாதாரணக் கைப்பிடி கொண்ட இந்தியத் தயாரிப்பு சைக்கிளில்தான் ஓட வேண்டும் என்பது விதி. அதனால் பணக்கார வீட்டுப் பிள்ளையும் மற்ற பிள்ளையும் ஒரே வண்டியில் நிற்பார்கள். செப்டம்பர் நெருங்கும்போது பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ விசாரியுங்கள். முதல் பந்தயமாக இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஜெயிப்பது அப்புறம். பந்தயக் காலையில் வயிறு எப்படிப் பிசைகிறது, முதல் ஒரு கிலோமீட்டரில் எல்லோரும் எப்படிப் பறந்துவிட்டு எட்டாவது கிலோமீட்டரில் எப்படித் தொங்குகிறார்கள் என்பதை நேரில் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் விடாமல் ஓட்டியபின் ரோடு பைக் வாங்கலாம். செகண்ட் ஹேண்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஃப்ரேம் அளவு சரியாக இருப்பதுதான் முதல் தேவை. "வளர்ற பையன், பெரிய சைஸே கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள், முதுகும் முட்டியும் போய்விடும். சீட்டு உயரம் வைக்க ஒரு எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் முழுக்க நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட்டு அதிக உயரம். பாதத்தின் முன்பகுதியை வைத்து ஓட்டும்போது முட்டியில் சின்ன மடிப்பு தானாக வந்துவிடும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்கும் போகக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பஞ்சர் ஒட்ட, பிரேக் ஷூ மாற்ற, செயின் துடைத்து எண்ணெய் விட, ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை நண்பராக்கிக்கொள்ளுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நம் பக்கம் சாலையோரம் முழுக்க சீமைக்கருவேலம். அதன் முள்தான் பஞ்சருக்கு முதல் காரணம். டியூபை மாற்றிவிட்டு அப்படியே கிளம்புகிறவருக்கு இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்பதுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது. டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிச் சுற்றி வாருங்கள். ஒரு இடத்தில் சுருக்கென்று குத்தும். அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடித்துப் பிதுக்கினால் முனை தலைகாட்டும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். பிறகு இன்னொரு முறை முழுச் சுற்றும் தடவுங்கள். ஒரு முள் இருந்த இடத்தில் இரண்டாவதும் இருக்கும்.

படி 2: எங்கே, எப்போது ஓட்டுவது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வழுவழுப்பாக இருப்பதால் எல்லோருக்கும் அதன்மேல்தான் கண் போகிறது. புதியவர்களுக்கு வேண்டாம். விடியற்காலையில் இரவெல்லாம் ஓட்டிவந்த கன்டெய்னர் லாரிகள் அதில் வரும், டிரைவர் கண்ணில் தூக்கம் இருக்கும். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் பைக் வரும்.

அரியூர், ஊசூர், அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் போகும் சாலை நல்ல தொடக்கம். இருபக்கமும் மலை, வண்டிகள் குறைவு. கணியம்பாடியிலிருந்து அமிர்திப் பக்கம் திரும்பும் சாலையும் அப்படித்தான், கடைசியில் காடு தொடங்கும். மலையேற்றப் பயிற்சிக்கு ஓட்டேரியை ஒட்டிய பாலமதி மலைச்சாலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தேறியபின் ஏலகிரி. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். வேலூரிலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி இருப்பதால் முதல் சில முறை சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி அடிவாரத்தில் இறங்கி ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் பாடம் அதிகம். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் வெளிப்பக்கப் பெடல் கீழே, கண் வளைவின் கடைசியில். முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் சைக்கிள் நீங்கள் பார்க்கிற இடத்துக்கே போகும்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சிலிருந்து ஜூன்வரை காலை ஐந்து மணிக்குச் சைக்கிள் சாலையில் இருக்க வேண்டும், எட்டுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஆடி மாதத்தில் மேற்குக் காற்று முகத்தில் அறையும். அந்த மாதத்தில் ஆம்பூர்ப் பக்கமாகக் காற்றை எதிர்த்துக் கிளம்பி, களைத்தபின் காற்று தள்ள வீடு திரும்புங்கள். தலைகீழாகச் செய்தால் திரும்பும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

படி 3: உடம்பைக் கட்டுவது

முதல் மூன்று நான்கு மாதம் ஒரே விதி: பக்கத்தில் ஓட்டுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். பையன்களுக்கு இது அவமானமாகத் தோன்றும். தினமும் நாக்கு வெளியே தள்ள ஓட்டினால்தான் பயிற்சி என்ற எண்ணத்தால் நல்ல கால்கள் எத்தனையோ வீணாகியிருக்கின்றன. இதயம், ரத்தக்குழாய், தசைக்குள் இருக்கிற சின்னச் சின்ன அடுப்புகள் எல்லாம் இந்த மெதுவான வேகத்தில்தான் பெருகுகின்றன. 14, 15 வயதில் வாரம் ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். 17, 18-ல் அது 10 முதல் 14 மணி ஆகலாம். ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள் ஆண்டுக்கு 30,000 கி.மீ. அளவுக்கு ஓட்டுகிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் பின்பற்றக் கூடாது.

லேசான கியரில் நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று மிதிக்கப் பழகுங்கள். பெரிய கியரை அழுத்தி ஓட்டினால் பலசாலி போல இருக்கும், முட்டிதான் விலை கொடுக்கும். டிராக்குக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேகமான மிதி இன்னும் அவசியம். அங்கே ஒரே கியர், ஸ்பிரிண்ட்டில் கால் 130 சுற்றுக்கு மேலேயும் போகும்.

அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் கடினப் பயிற்சி சேர்க்கலாம். ஒன்று பாலமதி மாதிரி ஏற்றத்தில் நான்கைந்து நிமிட முயற்சிகள், நடுவில் அதே அளவு ஓய்வு. இன்னொன்று சமதளத்தில் 10 முதல் 20 நிமிடம் நிலையான கடின ஓட்டம். ஸ்பிரிண்ட் பக்கம் மனம் போகிறவர்கள் 10 வினாடி முழுப் பலத்தோடு ஓடி ஐந்து நிமிடம் முழுதாக ஓய்வெடுக்க வேண்டும். எடைப் பயிற்சியும் தேவை. அதைக் கற்றுக்கொடுக்க வேலூரைவிட நல்ல ஊர் எது? பளுதூக்கும் பயிற்சியாளர் ஒருவரிடம், எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைச் சரியான முறையில் கற்றுக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை அதே சாலையில் 20 நிமிடம் முழு முயற்சியாக ஓட்டித் தூரத்தை எழுதி வையுங்கள். மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் அந்த 20 நிமிட சராசரியில் 95 சதவீதத்தை உங்கள் அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நோட்டும் கடிகாரமும் போதும். ஜூனியர் பையன் ஒருவன் 20 கி.மீ.யைத் தனியாக அரை மணிக்குள் முடிக்கிறான் என்றால் மணிக்கு 40 கி.மீ. வேகம். தேசியப் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. நான்காவது வாரம் பாதிப் பயிற்சி. தூக்கம் எட்டு மணி நேரம். பரீட்சைக் காலத்தில் பயிற்சியைக் குறையுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

படி 4: கூட்டத்தோடு ஓட்டுவது

நம் பக்கத்துப் பிள்ளைகள் பந்தயத்தில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தனியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்தவர் சக்கரம் பயம். ஆனால் சாலைப் பந்தயமே அந்தச் சக்கரத்துக்குப் பின்னால்தான் நடக்கிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்குக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு மிச்சம். அந்த மிச்சத்தைக் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார்.

இரண்டு பேராகத் தொடங்குங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே முதலில் ஒரு சைக்கிள் நீளம். பயம் போகப் போகப் பாதி. பிறகு ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவுக்குக் கொண்டுவரலாம். கண் சக்கரத்தில் ஒட்டக் கூடாது, அவருடைய இடுப்பையும் அதைத் தாண்டிச் சாலையையும் பார்க்க வேண்டும். இடைவெளி குறைந்தால் பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் வருகிறவர் உங்கள்மேல் ஏறிவிடுவார். கொஞ்சம் நிமிர்ந்து மார்பில் காற்றை வாங்குங்கள், தானாக வேகம் குறையும். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் முன்னே போக விடக் கூடாது. இரண்டு சக்கரமும் உரசினால் விழுவது எப்போதும் பின்னால் இருப்பவர்தான்.

முன்னால் இருப்பவருக்கும் கடமை உண்டு. "பள்ளம்!", "பின்னால வண்டி!", "மெதுவா!" என்று குரல் கொடுக்க வேண்டும், கையால் காட்ட வேண்டும். தன் முறை வந்ததும் வேகத்தை ஏற்றிக் காட்டக் கூடாது. அதே வேகத்தில் ஒரு நிமிடம் இழுத்துவிட்டு, திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் விலகிக் கடைசிக்குப் போக வேண்டும். நான்கு பேர் இப்படிச் சுற்றி வரப் பழகிவிட்டால் ஆடிக் காற்றில்கூட வேகம் விழாது. டிராக்கில் குழு பர்சூட் என்பதும் நான்கு பேர் இப்படியே மாறி மாறி 4 கி.மீ. ஓடுவதுதான்.

காற்று பக்கவாட்டில் அடித்தால் நேர் பின்னால் நின்று பயனில்லை, சாய்வாக அடுக்கி நிற்க வேண்டும். இதைப் போக்குவரத்து உள்ள சாலையில் பழகாதீர்கள். விளையாட்டு மைதானமோ, ஆள் நடமாட்டமில்லாத நேரத்துக் கல்லூரி வளாகமோ கேட்டு வாங்குங்கள்.

வார இறுதியில் நீண்ட தூரம் ஓட்டும் பெரியவர்கள் குழுக்கள் பல ஊர்களில் உள்ளன. 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களும் நடக்கின்றன. நல்ல அனுபவம், நல்ல மனிதர்கள். ஆனால் அது பந்தயம் அல்ல. 16 வயதுப் பிள்ளை அதில் பதக்கம் சேர்த்துக்கொண்டு பந்தயத்துக்குத் தயாராகிவிட்டதாக நினைக்கக் கூடாது.

படி 5: சாப்பாடு

வெளிநாட்டு ஜெல் பாக்கெட் தேவையே இல்லை. கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழமோ நான்கு இட்லியோ. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். பாட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரையோ வெல்லமோ, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போதாமல் போயிருக்கிறது. வந்ததும் அரை மணிக்குள் சோறு, பருப்பு, முட்டை அல்லது சுண்டல். நீண்ட ஓட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

எடை குறைத்தால் மலை ஏறலாம் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கவனிக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்று விடாதீர்கள். உடம்புக்குத் தேவையான சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது அடையாளம். எலும்பு பலவீனமாகும். டாக்டரைப் பாருங்கள், ரத்தத்தில் இரும்புச்சத்தையும் சோதியுங்கள்.

ஊக்கமருந்து விஷயத்தில் சட்டம் கடுமை. உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டது எப்படி வந்தது என்றாலும் பொறுப்பு வீரருடையது. ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர் வேண்டாம். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரை 2024 முதல் போட்டி நேரத்தில் தடை. ஆஸ்துமா போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்தின் பெயரைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட வேண்டும். டாக்டரிடம் "நான் போட்டிகளில் ஓடுகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

படி 6: காகிதங்களும் ஏணியும்

மாவட்டம், மாநிலம், தேசம் என்று ஏணி. மாநில சைக்கிள் சங்கத்தின் வழியாகத்தான் இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போக முடியும். சாலைக்கும் டிராக்குக்கும் தேசியப் போட்டி தனித்தனி. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளிலும் சைக்கிள் உண்டு. முதலமைச்சர் கோப்பை, கேலோ இந்தியா அறிவிப்புகளையும் தவறவிடாதீர்கள்.

வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள். 17, 18 வந்தால் சர்வதேச ஜூனியர். டிசம்பரில் பிறந்தவருக்கு இது பாதகம், ஜனவரியில் பிறந்தவருக்குச் சாதகம். டிசம்பர்ப் பிள்ளைகளின் பெற்றோர் ஓரிரு வருடத் தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலும் திருத்திவிடுங்கள். தேர்வுக்குப் போகிற வாரத்தில் அலைய முடியாது. பாஸ்போர்ட்டும் எடுத்து வையுங்கள். பங்கேற்ற ஒவ்வொரு போட்டியின் சான்றிதழும் ஒரு ஃபைலில், நகல் தனியாக. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிக்கு 4 என்று உண்டு. போட்டி முடிந்த சூட்டோடு உரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 7: டிராக்

காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் கேரளா எக்ஸ்பிரஸ் ஒரு திசையில் திருவனந்தபுரம் போகிறது, மறு திசையில் டெல்லி போகிறது. இரண்டு ஊரிலும் வெலோட்ரோம் இருக்கிறது. டெல்லியில் இருப்பது இந்திரா காந்தி அரங்கத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தளம். இந்திய அணியின் பயிற்சி அங்கேதான். திருவனந்தபுரத்திலும் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் இருப்பவை திறந்தவெளி கான்கிரீட். புதியவர்களுக்குக் கான்கிரீட்டில் தொடங்குவது எளிது. பயிற்சி முகாம் நடக்கும்போது மாநில சங்கத்தின் வழியாக அனுமதி கேட்டுப் போக வேண்டும்.

முதல் நாள் சைக்கிளைவிட மனதுக்குத்தான் பயிற்சி. முதலில் சமதளத்தில் ஃபிக்ஸட் கியர், அதாவது சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும் வண்டி, பழகுங்கள். மிதிப்பதை நிறுத்த நினைத்த நொடியில் பெடல் காலைத் தூக்கி எறியும். அந்தப் பழக்கம் உடம்பைவிட்டுப் போக ஓரிரு நாள் ஆகும். வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி மெதுவாக அழுத்தம் கொடுக்க வேண்டும். பிறகு உள்விளிம்பில் உள்ள நீலப் பட்டையில் சுற்றுங்கள். அடுத்து நேர்ப்பகுதியில் மெல்ல மேலே ஏறிக் கறுப்புக் கோட்டுக்கு வாருங்கள். அந்தக் கோட்டில்தான் சுற்றின் நீளம் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் சிவப்புக் கோடு, அதற்கும் மேல் நீலக் கோடு. வளைவு நெருங்கும்போது சுவர் எழுந்து நிற்கிற மாதிரி தெரியும், கால் தானாகத் தயங்கும். தயங்கினால்தான் சறுக்கும். மணிக்கு 30 கி.மீ. அளவுக்கு வேகம் இருந்தால் வளைவு உங்களைத் தாங்கிக்கொள்ளும். வளைவுக்குள் மிதித்துக்கொண்டே இருங்கள், பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள்.

எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் ஓடுவார்கள். முந்துவது வலப்பக்கம். மேலே ஏறுவதற்கு முன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது முதல் நாளிலேயே பழக்கமாக வேண்டும். பிரேக் இல்லாத பத்துப் பேர் ஒரே தளத்தில் இருக்கும்போது எல்லோரும் நேர்க்கோட்டில் ஓடுவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. சாலையில் கூட்டத்தோடு ஓட்டக் கற்ற பிள்ளைக்கு இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் பிடிபடும். கற்காத பிள்ளை எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பயிற்சியாளர் உள்ளே விடத் தயங்குவார்.

ஸ்பிரிண்ட்டா, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் தாங்கு ஓட்டமா என்பதை 15, 16 வயதில் முடிவு செய்ய வேண்டாம். முன்னாலேயே வேகம் எடுத்துக்கொண்டு வந்து 200 மீட்டரைக் கடக்கும் சோதனை, பர்சூட் நேரம் இரண்டையும் பார்த்தால் உடம்பே சொல்லிவிடும்.

பெற்றோர்களுக்கு

படிப்பை விடச் சொல்லாதீர்கள், விடவும் விடாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணி எதுவும் இல்லை. 2024 பாரிஸில் சாலைப் பந்தயம், டிராக் குழு பர்சூட் இரண்டிலும் தங்கம் வென்ற அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபோக்னர் படித்து வேலைக்குப் போனபின்தான் சைக்கிள் பந்தயத்துக்கே வந்தார். 20 வயதைத் தாண்டியவர்களுக்கு என் பதிலும் அதுதான்: தாங்கு ஓட்டத்துக்கு வயது கொஞ்சம் காத்திருக்கும், ஸ்பிரிண்ட்டுக்குக் காத்திருக்காது.

விபத்துக் காப்பீடு எடுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், ஹெல்மெட் முழுசாகத் தெரிந்தாலும் அதை மாற்றுங்கள், பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் மறுபடி ஏற விடாதீர்கள்.

படி 8: சம்பளம்

தேசியப் போட்டியில் பதக்கம் என்பது இந்தியாவில் வேலைக்கான கதவு. ரயில்வேயும் ராணுவத் துறைகளும் தேசியப் போட்டிகளில் தனி அணியாகவே இறங்குகின்றன. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருக்கும் கம்மவான்பேட்டை மாதிரியான ஊர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. சீருடை வேலையோடு விளையாடுவது என்றால் என்ன என்று விசாரிக்க அங்கே போனால் போதும். என் கருத்தில் 18 வயதில் முதல் குறி இந்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். மாதச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் சேர்ந்து கிடைக்கிற வேறு வழி இங்கே அரிது.

வெளிநாட்டு அணிகள் மூன்று அடுக்கு. ஆண்களில் மேலே 18 உலக அணிகள், அடுத்து புரோ அணிகள், கீழே கான்டினென்டல் அணிகள். கடைசி அடுக்கில் சம்பளமே இல்லாத ஒப்பந்தங்களும் சாதாரணம். அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் கையெழுத்துக்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: விமான டிக்கெட், விசா யார் செலவு, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சைக்கிள் திருப்பித் தர வேண்டியதா, ஆண்டுக்கு எத்தனை பந்தயம், பரிசுத்தொகை எப்படிப் பங்கிடப்படும். "நேர்ல பாத்துக்கலாம்" என்ற பதில் வந்தால் போக வேண்டாம்.

23, 24 வயதில் நேரங்கள் முன்னேறாமல் நின்றுவிட்டால் இந்த விளையாட்டிலேயே வேறு வேலைகள் உண்டு. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ படிக்கலாம். போட்டி நடுவர் தேர்வு எழுதலாம். அணி மெக்கானிக் ஆகலாம். பந்தயம் ஓடியவர் பயிற்சியாளராக ஊருக்குத் திரும்பி வந்தால், காட்பாடியிலோ குடியாத்தத்திலோ முதல் பத்துப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றைத் தொடங்கலாம். அதற்கு வேண்டியது மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம், வண்டி வராத ஒரு சாலை, பின்னால் மெதுவாக வர ஒரு இருசக்கர வண்டி.